ஆழம் பார்த்துக் காலை வைப்போம்: புதிய தொழில் எண்ணங்களுக்கு ஒரு பொது ஏடு

மட்டக்களப்பு வாவியில் தோணி விடுபவர் அறியாத துறையில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதில்லை. தடியை ஊன்றி, தண்ணீர் எவ்வளவு, அதன் கீழே சேறு எவ்வளவு என்று பார்த்த பின்னரே காலை வைப்பார். ஆழமறியாமல் காலை விடாதே என்று முன்னோர் சொன்னது எமது மக்களுக்குப் புத்தகப் பாடம் அல்ல, அன்றாட அனுபவம். ஆயினும் ஒரு சுயதொழிலைத் தொடங்கும்போது மாத்திரம் நாம் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். கடன் கிடைக்கிறது என்ற செய்தி வந்தவுடன் காலை வைத்துவிட்டு, பிறகுதான் ஆழத்தைத் தேடுகிறோம்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு பெண் மிக்சர் செய்து பைக்கற்றில் அடைத்து விற்கிறார், நாலு காசு மிஞ்சுகிறது. அதைப் பார்த்து அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று வீடுகளில் மிக்சர் செய்கிறார்கள். கடைகளோ அதே ஐந்து கடைகள்தான். ஆறு மாதத்தில் நால்வருக்கும் வியாபாரம் இல்லை. தையல் இயந்திரம், கோழிக்கூடு, சில்லறைக் கடை என்று எதை எடுத்தாலும் கதை இதுவே. இந்தப் பெண்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. எண்ணம் பிறந்த நாளுக்கும் பணம் போட்ட நாளுக்கும் இடையில் அந்த எண்ணத்தைப் பலர் கூடிச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் இல்லை என்பதே குறை.

அத்தகைய ஓர் இடத்தை இன்று கையடக்கத் தொலைபேசியின் துணையுடன் செலவில்லாமல் அமைத்துக்கொள்ளலாம். அது என்ன, எவ்வாறு நடத்துவது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கடன் முந்துகிறது, எண்ணம் பிந்துகிறது

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் வாவியைக் கடக்கப் பாதையையே நம்பியிருந்தோம். பாலம் வந்தபின் படுவான்கரைத் தயிரும் நெல்லும் மீனும் விரைவாக நகரம் செல்ல வழி பிறந்தது. அதே வழியால் கொழும்பில் பொதி செய்யப்பட்ட பொருட்களும் கிராமத்துக் கடைக்கு எளிதாக வந்து சேர்ந்தன. பாலத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. எமது ஊரில் மட்டும் விலைபோன ஒரு பொருள் இன்று நாடு முழுவதிலுமிருந்து வரும் பொருட்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. அயல்வீட்டாரைப் பார்த்துத் தொழில் தொடங்கிய காலம் இதனால் முடிவுக்கு வந்துவிட்டது.

யுத்தம் 2009இல் முடிந்தபின் நுண்நிதி நிறுவனங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வேகமாகப் பரவின. வீட்டு வாசலுக்கே கடன் வந்தது, வாரந்தோறும் அறவிடுபவரும் வந்தார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வாங்கிய பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்நிதிக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய வங்கி, தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்கள் நுண்நிதிக் கடனுக்கு வருடம் 35 வீதத்துக்கு மேல் வட்டி அறவிடக் கூடாது என்று உச்ச வரம்பு விதித்தது. அந்த 35 வீதமே எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பாருங்கள். 50,000 ரூபா முழுவதும் ஒரு வருடம் கையில் இருந்தால் வட்டி மட்டும் 17,500 ரூபா. அந்த வட்டியைத் தாங்கும் தொழில் எது, தாங்காத தொழில் எது என்பதைக் கடன் வாங்கிய பின் கண்டுபிடிப்பதால் யாருக்கு என்ன பயன்?

ஓர் எண்ணத்தில் உள்ள பிழை, அது தாளில் இருக்கும்போது ஒரு கோடு கீறித் திருத்தக்கூடியது. பொருள் வாங்கிய பின் அதே பிழையைத் திருத்தக் காதுத் தோட்டை அடகு வைக்க நேர்கிறது. ஆகவே ஆரம்ப நாட்களிலேயே பிழைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தன் எண்ணத்தின் பிழை தன் கண்ணுக்குத் தெரிவது கடினம், பல கண்கள் வேண்டும்.

பொது ஏடு என்றால் என்ன?

எமது களப் பணியாளர்கள் நெடுங்காலமாகக் கிராமத்தவரைக் கூட்டி, நிலத்தில் கிராமப் படம் கீறியும், பெரிய தாள்களில் பிரச்சினைகளை எழுதியும் திட்டமிட்டு வந்துள்ளனர். நல்ல முறை அது. ஆனால் கூட்டம் முடிந்ததும் தாள் சுருட்டப்பட்டு அலுவலக அலுமாரிக்குப் போய்விடும். அன்று கூட்டத்துக்கு வராதவர் எதையும் சேர்க்க முடியாது. இரண்டு கிழமை கழித்து ஒரு நல்ல யோசனை வந்தால் அதை எழுத இடமில்லை.

அந்தத் தாளைச் சுருட்டாமல், எல்லாருடைய தொலைபேசியிலும் எப்போதும் விரித்தபடி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற எவரும் எந்த ஊரிலிருந்தும் அதைத் திறந்து வாசிக்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். தவறுதலாக ஒருவர் அழித்துவிட்டாலும் பழையதை மீட்டுக்கொள்ளலாம். இதைத்தான் நாம் பொது ஏடு என்கிறோம்.

இம்முறை புதியதல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த வோர்ட் கன்னிங்காம் என்ற கணினி நிரலாளர் 1995இல் இத்தகைய முதலாவது இணையத்தளத்தைத் தொடக்கினார். வாசிப்பவரே எழுதித் திருத்தக்கூடிய அதற்கு, ஹவாய் மொழியில் விரைவு எனப் பொருள்படும் விக்கி என்ற சொல்லைப் பெயராக வைத்தார். 2001இல் பிறந்த விக்கிப்பீடியா அதே முறையில் வளர்ந்த கலைக்களஞ்சியம். 2003 முதல் அது தமிழிலும் வளர்ந்து வருகிறது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் பலர் கூடிச் செய்த பணியே. ஒருவர் புத்தகம் தந்தார், ஒருவர் பக்கங்களைப் படியெடுத்தார், வேறொருவர் விபரம் பதிந்தார்.

எமது நாட்டின் துயரத்திலிருந்து பிறந்த உதாரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் வாரிச் சென்றபோது, காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன தேவை என்ற தகவல்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்று சேர்க்க இலங்கைத் தொண்டர்களான கணினி வல்லுநர்கள் சில நாட்களுக்குள் சகானா என்ற இணைய மென்பொருளை உருவாக்கினர். பல அமைப்புகள் ஒரே இடத்தில் தகவலைப் பதிந்து, ஒரே இடத்தில் பார்ப்பது அதன் அடிப்படை. அது பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. பேரழிவு நேரத்தில் இங்கு பிறந்த முறை உலகுக்கு உதவியது என்றால், அமைதியான நேரத்தில் எமது பத்துப் பெண்களின் தொழிலுக்கு ஏன் உதவக் கூடாது?

இன்று இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. 2006 முதல் பாவனையில் உள்ள கூகுள் டொக்ஸ் போன்ற ஏடும், அதனுடன் வரும் கணக்குத் தாளும் போதும். இலவசமானவை, தமிழில் எழுதலாம், சாதாரண ஸ்மார்ட்போனிலும் திறக்கும்.

வட்ஸ்அப் குழு போதாதா என்று பலர் கேட்கலாம். வட்ஸ்அப் ஒரு வாய்க்கால், பொது ஏடு ஒரு குளம். வாய்க்காலில் காலை வணக்கமும் மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடிவரும். அவற்றோடு சேர்ந்து, கொழும்பில் உள்ள மைத்துனர் சொன்ன நல்ல விலைத் தகவலும் ஓடிப்போய்விடும். இரண்டு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. குளத்தில் தண்ணீர் தங்கும். ஆகவே பேசுவதற்கு வட்ஸ்அப், பேசி முடிந்த உண்மைகளைத் தேக்கி வைக்கப் பொது ஏடு என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏட்டில் என்ன எழுதுவது?

வெறும் தாளைப் பார்த்தால் யாருக்கும் எழுத வராது. கேள்விகள் இருந்தால் பதில் வரும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஒஸ்டர்வால்டர் என்பவர் ஒரு தொழிலை ஒரே பக்கத்தில் ஒன்பது கட்டங்களாக வரைந்து பார்க்கும் முறையை வகுத்தார். அம்முறையை விளக்கி 2010இல் பரவலாக வெளிவந்த அவருடைய நூலே இணையத்தில் கூடி உருவாக்கப்பட்டதுதான். 45 நாடுகளைச் சேர்ந்த 470 பேர் அதன் எழுத்துப்படியைப் படித்துக் கருத்துச் சொல்லித் திருத்த உதவினர். பெரிய கம்பனிகள் இன்று பாவிக்கும் அந்த ஒன்பது கட்டங்களை எமது மொழியில் இப்படிக் கேட்கலாம்:

1. யார் வாங்குவார்?
2. அவருக்கு இதனால் என்ன பயன்?
3. பொருள் அவரிடம் எவ்வாறு போய்ச் சேரும்?
4. அவர் மீண்டும் எம்மிடம் வர நாம் என்ன செய்வோம்?
5. எவ்வளவு பணம், எப்போது கைக்கு வரும்?
6. எம்மிடம் என்னென்ன இருக்க வேண்டும்?
7. நாளாந்தம் என்ன வேலை செய்ய வேண்டும்?
8. யார் துணை நிற்பார்?
9. மொத்தச் செலவு எவ்வளவு?

ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை மூன்று வகையாகப் பிரித்து எழுதும்படி நாம் ஆலோசனை கூறுகிறோம். எமக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நாம் நினைப்பது, எமக்குத் தெரியாதது. தெரியாதது ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை விசாரிக்கப் பொறுப்பேற்றவரின் பெயரையும் திகதியையும் எழுத வேண்டும். தொடக்கத்தில் மூன்றாவது நிரலே மிக நீளமாக இருக்கும். அதைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த நிரல் குறையக் குறைய ஆழம் தெரிகிறது என்று பொருள்.

ஓர் உதாரணம்: நண்டு வளர்ப்பு

விளக்கத்துக்காக வாவிக் கரையில் உள்ள ஒரு கிராமத்தை எண்ணிக்கொள்வோம். நான்கு பெண்கள் சேர்ந்த குழு. நண்டு வளர்த்து விற்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். வாவி நண்டு ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட காலத்தில் உள்ளே சதை குறைந்து நீர் நிறைந்திருக்கும். வியாபாரிகள் அதற்குக் குறைந்த விலையே தருவர். அதைக் கூட்டில் இட்டு, விலைபோகாத சிறு மீனைத் தீனியாகக் கொடுத்துச் சில வாரம் வைத்திருந்தால் சதை பிடிக்கும், விலையும் ஏறும். இலங்கை நண்டுக்குச் சிங்கப்பூரில் நல்ல பெயர் உண்டு. ஆகவே எண்ணம் நல்ல எண்ணம்தான்.

உயர்தரம் படித்த மகள் ஒருவர் கணக்குத் தாளைத் திறந்து எழுதுகிறார். பின்வரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்ட நாம் எடுத்துக்கொண்டவை, சந்தை விலைகள் அல்ல. ஒரு நண்டு வாங்க 500 ரூபா, தீனிக்கு 100 ரூபா, விற்பனை 900 ரூபா. 40 நண்டுக்குச் செலவு 24,000 ரூபா, வரவு 36,000 ரூபா, மீதி 12,000 ரூபா. கூட்டுக்கான செலவு புறம்பு. குழுவுக்கு மகிழ்ச்சி. கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு எழுகிறது.

கடனுக்கு முன் ஏடு பத்துப் பேருக்குத் திறந்துவிடப்படுகிறது. இனி நடப்பதைக் கவனியுங்கள்.

நாற்பது வருடமாக வலை வீசும் மாமா ஒருவர் பார்க்கிறார். அவர் எழுதமாட்டார், பேரன் எழுதுகிறான். நண்டு ஒன்றையொன்று தின்னும், அறை அறையாகப் பிரிக்காவிட்டால் பாதி மிஞ்சாது என்கிறார். உடனே கணக்குத் தாளில் இறப்புக்கு ஒரு வரி சேர்க்கப்படுகிறது. 10 நண்டு இறந்தால் மீதி 12,000 அல்ல, 3,000 ரூபா. 13 வரை இறந்தால் தப்பலாம். 14 இறந்தால் 600 ரூபா நட்டம். தாளில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தானாக மாறுவதால் எல்லாரும் இதைத் தங்கள் கண்ணாலேயே காண்கிறார்கள்.

அவரே இன்னொன்றும் சொல்கிறார். வடகீழ்ப் பருவமழையில் ஆறுகளின் வெள்ளம் வாவிக்குள் இறங்க, உப்புத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். முகத்துவாரம் வெட்டுண்டால் நீர் மட்டமும் திடீரென இறங்கும். அந்தக் காலத்தில் கூட்டில் அடைபட்ட நண்டு என்னாகும்? வருடம் முழுவதும் வருமானம் என்று எழுதியிருந்த வரி அடிக்கப்பட்டு, மழைக்கு முந்திய மாதங்கள் மட்டும் என்று திருத்தப்படுகிறது. கூடு வைக்கும் இடத்துக்கு அனுமதி தேவையா, பிடிக்கக்கூடிய நண்டின் அளவு என்ன என்று கடற்றொழில் அலுவலகத்தில் விசாரிக்க ஒருவர் பொறுப்பேற்கிறார்.

கட்டாரில் வேலை செய்யும் கணவர் ஒருவர் இரவு தன் அறையிலிருந்து ஏட்டைத் திறக்கிறார். நீங்கள் நாலு பேரும் தினமும் தீனி போடுகிறீர்கள், கூடு பார்க்கிறீர்கள், உங்கள் கூலி எங்கே என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போகிறார். மகள் கணக்குப் பார்க்கிறாள். ஒன்றும் இறக்காமல் 12,000 ரூபா மிஞ்சினாலும் நால்வருக்கும் பிரித்தால் ஆளுக்கு 3,000 ரூபா. 28 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 107 ரூபா. அப்படியானால் நண்டுகளை மும்மடங்காக்கலாமா? ஆக்கலாம், ஆனால் தீனி மீனும் மும்மடங்கு வேண்டும். அது அந்தத் துறையில் கிடைக்குமா? தெரியாதது நிரலில் இன்னொரு வரி.

கொழும்பில் படிக்கும் ஒரு பிள்ளை ஏற்றுமதி செய்பவர்களிடம் விசாரிக்கிறார். அவர்கள் சிறு தொகையை நேரே வாங்குவதில்லை, சேகரிப்பவர் மூலமாகவே வாங்குகிறார்கள் என்ற செய்தி வருகிறது. ஆகவே யார் வாங்குவார் என்ற முதற் கேள்விக்கே பதில் மாறுகிறது.

ஒரு மாதத்துக்குப் பின் ஏட்டைப் பார்த்தால் எண்ணம் சாகவில்லை, உருமாறியிருக்கிறது. 40 நண்டுக்குக் கூடு கட்டக் கடன் எடுப்பதை விட்டு, குழுவின் சேமிப்பிலிருந்து 6,000 ரூபா எடுத்து 10 நண்டை மழைக்கு முன் வளர்த்துப் பார்ப்பது என்று தீர்மானிக்கிறார்கள். நான்கு நண்டு இறந்தால் 600 ரூபா நட்டம். அது படிப்புக்குக் கொடுத்த கட்டணம். அந்தப் படிப்பை 50,000 ரூபா கடனில் படித்திருந்தால் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பதில் தந்தவர்களில் ஒருவரும் பட்டம் பெற்ற தொழில் ஆலோசகர் அல்லர். மாமாவுக்கு வாவி தெரியும், மகளுக்குக் கணக்குத் தெரியும், கட்டாரில் இருப்பவருக்குக் கூலியின் அருமை தெரியும். எமது ஊர்களில் அறிவு இல்லாமலில்லை, பிரிந்து கிடக்கிறது. பொது ஏடு அதை ஒரே பக்கத்தில் கூட்டி வைக்கிறது, அவ்வளவே.

நடத்தும் முறை

ஏட்டைத் திறப்பது எளிது, உயிரோடு வைத்திருப்பதே கடினம். குழுக்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நன்று.

முதலாவது, ஓர் எண்ணத்துக்கு ஓர் ஏடு. நண்டையும் மிக்சரையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம்.

இரண்டாவது, ஏட்டுக்கு ஒரு காப்பாளர் வேண்டும். வாரம் ஒரு தடவை அதை ஒழுங்குபடுத்தி, விசாரிக்கப் பொறுப்பேற்றவர்களுக்கு நினைவூட்டுவது அவர் வேலை. தலைவியே காப்பாளராக வேண்டும் என்பதில்லை. தொலைபேசியில் கைதேர்ந்த ஓர் இளம்பெண் சிறந்தவர்.

மூன்றாவது, எல்லாருக்கும் ஒரே அனுமதி வேண்டாம். குழு உறுப்பினர் எழுதலாம், வெளியில் உள்ளவர் ஓரத்தில் கருத்து எழுதலாம், மற்றவர் வாசிக்கலாம். இந்த மூன்று வகை அனுமதியும் இவ்வகை ஏடுகளில் உண்டு.

நான்காவது, முடிவெடுக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நாள் என்றால் நாற்பது நாள். அதற்குமேல் ஏட்டில் பேசிக்கொண்டே இருப்பதும் ஒரு சோம்பலே. அன்று நேரில் கூடி, தொடங்குவதா, மாற்றுவதா, கைவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாவது, கைவிட்ட எண்ணத்தின் ஏட்டை அழிக்க வேண்டாம். ஏன் கைவிட்டோம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அடுத்த ஊரில் அதே எண்ணம் பிறக்கும். அவர்களுக்கு அது வழிகாட்டி.

கவனிக்க வேண்டியவை

தொலைபேசி இல்லாதவர், எழுத வாசிக்கக் கூச்சப்படுபவர் எவ்வாறு பங்கெடுப்பது என்பது முதற் பிரச்சினை. இதற்கு எமது நாட்டிலேயே வழிகாட்டியுண்டு. கொத்மலை சமூக வானொலி 1990களின் இறுதியில், இணையம் எட்டாத கிராமத்தவர் கேட்ட கேள்விகளுக்கு நிகழ்ச்சி அறிவிப்பாளரே இணையத்தில் தேடிப் பார்த்து, அவர்கள் மொழியில் வானொலியில் விளக்கும் முறையை நடத்தியது. ஒருவர் கையில் கருவி, பலருக்குப் பயன். அதேபோல் குழுக் கூட்டத்தில் காப்பாளர் ஏட்டை உரத்து வாசிக்கட்டும். மற்றவர் சொல்வதை, சொன்னவர் பெயருடன் அங்கேயே எழுதட்டும். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் இன்று தொலைபேசியில் உண்டு.

எண்ணத்தை யாராவது களவெடுத்துவிடுவார்களே என்ற பயம் இரண்டாவது. இது நியாயமான பயம். அகமதாபாத்தைச் சேர்ந்த பேராசிரியர் அனில் குப்தா 1980களின் இறுதியில் தொடக்கிய தேனீ வலையமைப்பு, கிராமத்தவரின் கண்டுபிடிப்புகளைத் திரட்டுகையில் ஒரு விதியை வைத்துக்கொண்டது. அறிவைத் தந்தவரின் பெயர் மறைக்கப்படக் கூடாது, திரட்டியது அவருடைய மொழியிலேயே அவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். தேனீ தேன் எடுப்பதால் பூ வறுமையடைவதில்லை என்பதே அப்பெயரின் பொருள். மதுரையிலிருந்து தமிழில் வெளிவந்த நம்வழி வேளாண்மை சஞ்சிகை அந்த வலையமைப்பைச் சேர்ந்தது. எமது ஏட்டிலும் ஒவ்வொரு யோசனைக்கும் தந்தவர் பெயர் நிற்க வேண்டும். ஒரு குடும்பத்தின் கைப்பக்குவம் போன்ற இரகசியம் இருந்தால் அதை ஏட்டில் எழுதாமல் விடலாம். வாங்குபவர் யார், செலவு என்ன என்பவற்றைச் சோதிக்க அந்த இரகசியம் தேவையில்லை.

மூன்றாவது, தனிப்பட்டவரின் கடன், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒருபோதும் ஏட்டில் எழுதலாகாது. ஒருவருடைய கஷ்டத்தைப் பத்துப் பேர் வாசிக்கும் தாளில் எழுதுவது உதவியாகாது.

நான்காவது, பெரிய குரல் சிறிய குரலை அமுக்கும். அதிகாரியோ வெளிநாட்டு உறவினரோ ஒன்றை எழுதிவிட்டால் மற்றவர் மௌனமாவர். ஆகவே முதற் கிழமை குழுப் பெண்கள் மட்டும் எழுதிய பிறகே மற்றவருக்கு ஏட்டைத் திறந்துவிடுவது நல்லது. எம்மைப் போன்ற களப் பணியாளர்களும் கடைசியாகவே பேச வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் சில துறைகளில் இழந்ததைவிட அதிகமாகப் படகுகள் வந்து சேர்ந்ததை நாம் மறக்கவில்லை. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். வாவியில் எத்தனை படகு தாங்கும் என்று மீனவரிடம் முன்கூட்டிக் கேட்கும் பக்கம்தான் இருக்கவில்லை.

கடைசியாக, கருவியை முழுவதும் நம்ப வேண்டாம். 2022இல் மின்சாரம் ஒரு நாளில் பல மணி நேரம் இல்லாதிருந்தது. 2018இலும் 2019இலும் சமூக ஊடகங்கள் சில நாட்களும், 2022இல் பல மணி நேரமும் முடக்கப்பட்டன. ஆகவே மாதம் ஒரு முறை ஏட்டின் சாரத்தை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருவி மாறலாம், கூடி எழுதும் பழக்கம் மாறக் கூடாது. இணையமே இல்லாத கிராமத்தில் அந்தக் கொப்பி ஒன்றே வீடு வீடாகச் சுற்றிவந்தாலும் பாதிப் பயன் கிடைக்கும்.

முடிவாக

பொது ஏடு பணம் தராது, சந்தை பிடித்துத் தராது, எல்லா எண்ணத்தையும் வெற்றியாக்காது. தோற்கவேண்டிய எண்ணம் தாளிலேயே தோற்க அது உதவும். ஒரு பெண் தன் வீட்டுப் பத்திரத்தையும் தாலியையும் இழக்கு முன்னர் நின்று யோசிக்க அது நாற்பது நாள் பெற்றுத் தரும். கடன் வாங்கத் தூண்டுவோர் எமது வாசலுக்கு நிறையவே வருகிறார்கள். வாங்கு முன் யோசிக்கத் துணை நிற்போர் நாமே ஒருவருக்கொருவர் ஆக வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. கடந்த ஐந்து வருடத்தில் எமது கிராமத்தில் தொடங்கிக் கைவிடப்பட்ட தொழில்கள் எவை? தொடங்கு முன் யாரிடம் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும்?

2. இப்போது எமது குழுவில் உள்ள ஓர் எண்ணத்தை எடுத்து, தெரிந்தது, நினைப்பது, தெரியாதது என்று பிரித்து எழுதுவோம். எந்த நிரல் நீளமாக உள்ளது?

3. எமது குழுவின் ஏட்டுக்குக் காப்பாளராக இருக்கத் தக்கவர் யார்? வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்களில் யார் யாரை அழைக்கலாம்?

4. எமது ஊரின் வாவியை, மழையை, மண்ணை நன்கு அறிந்த முதியவர் ஒருவர் சொல்வதைக் கேட்டு எழுத, அடுத்த கிழமை யார் அவர் வீட்டுக்குப் போவது?